நடவு வயலில் கிடைத்த பதில்

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கையில் எழுதிய அதிகாரியே, நீங்கள் எழுதியது பொய். அதற்குத் தகவல் திரட்டிக் கொடுத்தவள் நான்தான்.

வலங்கைமான் பக்கம் நான் கிராம செவிலியர். நடவுக்குப் போகும் பெண்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது. வீடு வீடாகப் போய், கணவரும் மாமனாரும் பக்கத்தில் நிற்க, "தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா?" என்று கேட்டேன். தலைகுனிந்தபடி இல்லை என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லும் போஸ்டரை ஒட்டிவிட்டு வந்தேன். கடுப்பு நிற்கவில்லை.

ஒரு நாள் சேலையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி, அவர்களோடு நாற்று நட்டேன்.

"நர்சம்மா நடுறது மினி பஸ் ரூட்டு மாதிரி வளையுது" என்று சிரித்தாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த செல்வி. பிறகு குனிந்தபடியே சொன்னாள்: "தண்ணி குடிச்சா எங்கங்க ஒதுங்குறது? சுத்தி வெட்டவெளி. வரப்புல ஆம்பளைங்க நிக்கிறாங்க. அதான் காலையிலேர்ந்து வாயக்கூட நனைக்கிறதில்ல."

நான் பாடம் நடத்த வேண்டிய ஆள் வயல்காரர் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை வயலில் நின்ற அவரிடம் போனேன். நான் வாய் திறப்பதற்குள் செல்வி பேசிவிட்டாள்: "மறைப்பு கட்டுங்க, அப்புறம் நாத்துமுடியப் பிரிச்சு நடுறோம்." எல்லாப் பெண்களும் கரையேறி நின்றார்கள். மதியத்துக்குள் கீற்றுத் தட்டியில் மறைப்பு வந்தது. அன்று அவர்கள் ஒரு குடம் தண்ணீரைக் காலி செய்தார்கள். என் வேலையில் அவ்வளவு பெருமை எனக்கு வேறெப்போதும் வந்ததில்லை.

அடுத்த கிராம சபைக்கு வாருங்கள், அதிகாரியே. அந்தப் பெண்கள் முன்னால் நின்று சொல்லுங்கள்: மற்ற வயல்களில் மறைப்பு எப்போது வரும்?