விக்டோரியாவின் டப்பாக்கள்

“பீயிலகூடவாடா பொய்யி?”

ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும் விக்டோரியா இதைத்தான் சொல்வாள். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் மருத்துவ அறையில் லேப் டெக்னீஷியன். மூக்கில் விக்ஸ், கையில் இரட்டை உறை. சட்டைக்குள் டப்பாவை ஒளித்துக்கொண்டு வாசலில் நெளிபவர்களை, ஷெட் முழுக்கக் கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஆலையில் 2006இல் வந்த சோதனை அது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால், அதைத் தடவி மருந்து விடும் அட்டை நீலமாகும். குடலில் புற்று இருக்கலாம், மேற்கொண்டு சோதித்துப் பார் என்று அர்த்தம்.

தின்ற கறியின் ரத்தமும் அட்டையை நீலமாக்கிவிடும்; அதனால் மூன்று நாள் கறி கூடாது என்பாள். மூன்றாம் நாள் ஒருவன் வந்து கேட்டானாம். அவன் கீச்சுக்குரலிலேயே செய்து காட்டுவாள்: “யக்கா, ஈரலு கறியில சேத்தியா யக்கா?” செய்து காட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். உறையோடு அடித்துக்கொண்டோமே என்று அதற்கும் ஒரு திட்டு.

அன்று மூன்று அட்டைகள் நீலமாயின. கலியன், அருணாச்சலம், கிரேன் ஓட்டும் குப்புராஜ். மூன்று டப்பாவிலும் ஒரே மாதிரி தக்காளி விதை. மூவரையும் வரிசையாக நிறுத்தினாள்.

“மெட்ராசுக்குப் போயி, பின்னாடி கேமரா கொழா உட்டுப் பாக்கணும். மூணு பேருக்கும்.”

கலியன் உடனே கக்கிவிட்டான். “யக்கா, அது எங்க ரெண்டு பேருதும் இல்ல. நோவு கீவுன்னா வேலைய உட்டுத் தூக்கிடுவானுங்கன்னு குப்புராஜண்ணங்கிட்ட வாங்கினோம். அவருதான் கல்லு மாறி கீறாரே!”

அருணாச்சலம் தரையைப் பார்த்தான். குப்புராஜ் மட்டும் மீசையைத் தடவினார்.

“ஒடம்பு சுத்தமா கீதுன்னுதானேம்மா எங்கிட்ட கேட்டானுங்க? எனுக்கு இன்னா கேடு? மூலமா இருக்கும். நான் எங்கியும் வரல.”

விக்டோரியா ஆளுக்கொரு காலி டப்பாவை எறிந்து இருவரையும் விரட்டினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதி, மடித்து, குப்புராஜின் சட்டைப்பையில் திணித்துப் பித்தானையும் போட்டாள்.

“பேஜாரு பண்ணாதண்ணா. ரெண்டு பேருக்குப் பதிலா நீ குடுத்த, செரி. அந்த டேபிளு மேல உனுக்குப் பதிலா எவன் வந்து படுப்பான்? இப்பவே பாத்தா வெட்டிப் போட்டுட்டு மறுபடி கிரேன் ஏறலாம். ஞாயித்துக்கெழம பேதிக்குச் சாப்புடு, திங்கக்கெழம காலீல நானே ரயில்ல இட்டுகினு போறேன். அந்தச் சீட்டையும் வழியில எவனுக்கும் குடுத்துட்டு வராத!”