தபசு மரத்தடியில் விரித்த துண்டு

அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கும்போது எழும் நெடி மூக்கோடு நிற்காது, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஊரில் அதோடு புளியின் வாசனையும் கலந்திருக்கும். கூத்துக்காரர்கள் வேஷம் கட்டுவதற்கு ஒதுக்கிய இடம் புளி கொட்டி வைக்கும் கொட்டகை என்பதால், வாசலில் நின்றாலே வாயில் நீர் ஊறும். இன்றைக்கும் எங்கேனும் புளி மூட்டையைக் கடந்து போனால் எனக்கு முகத்தில் சாயம் பூசிய மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு பெண்ணின் முகமும் வருகிறது. அந்த முகத்தில் சாயம் எதுவும் இல்லை.

இதை எழுத வேண்டாம் என்கிறாள் என் மகள். "செத்துப்போனவங்க சேதி, இப்ப எதுக்குப்பா?" என்று கேட்கிறாள். உறவுக்காரர்கள் இன்னும் கடுமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் இதை எழுதத்தான் போகிறேன்.

புதூர்நாட்டுப் பக்கத்தில், ஜவ்வாது மலைமேல் எங்கள் ஊர். சாமை அறுவடை முடிந்து தானியம் வீடு சேர்ந்த பிறகு மாரியம்மன் திருவிழா வரும். ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஒரு கூத்து "ஜமா" மலையேறி வரும். வேஷக்காரர்கள், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர், ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் சுமந்து வருபவர் என்று எல்லாரும் வந்து சேர்வதற்கு முன்னாலேயே ஒருவர் மட்டும் தனியாக வந்துவிடுவார். அவர்தான் ஜமாவின் கட்டியங்காரன். மேடையில் ராஜாக்களின் வருகையை அறிவிப்பவர், ராஜாக்களையே கேலி செய்பவர். பெயர் சின்னப்பையன், வயது ஐம்பது. முன்னதாக வருவதற்குக் காரணம் உண்டு. ஊரைச் சுற்றி வந்து, கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் நின்று, "ஊர்ல இன்னா சேதி?" என்று கேட்பார். யார் வீட்டுக் கோழி யார் வீட்டுக் குழம்பில் கொதித்தது, யார் குடித்துவிட்டு ஜீப்பிலிருந்து விழுந்தான் என்பதெல்லாம் அவர் காதுக்கு வந்துவிடும். கூத்தில் அது வேறு உருவத்தில் வெளியே வரும். கட்டியங்காரன் சபையில் சொன்னதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஊர்க்கட்டு. என் பெரியப்பாதான் அப்போது ஊர்ப் பெரியதனம். தமது மீசையைக் கட்டியங்காரன் கேலி செய்தபோது எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான்.

திருவிழாவில் எனக்குப் பிடித்தது தபசுக் கூத்து. மற்றவை இரவில் நடக்க, இது மட்டும் பட்டப்பகலில் நடக்கும். சாமியிடம் அஸ்திரம் வாங்கத் தவம் இருக்கப் போகும் ராஜகுமாரன், காட்டிலிருந்து வெட்டி வந்து நட்ட நெட்டை மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவான். உச்சியில் கட்டிய பரண்மேல் நின்று விபூதியும் பூவும் எலுமிச்சம்பழமும் கீழே வீசுவான். குழந்தை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி உட்கார்ந்து முந்தானையை விரித்திருப்பார்கள். யார் முந்தானையில் பழம் விழுகிறதோ அவள் மறுநாள் வெறும் வயிற்றில் அதைத் தோலோடு தின்ன வேண்டும்.

என் சித்தப்பாவின் மனைவி பச்சையம்மா சித்தி மூன்று வருஷம் அப்படி உட்கார்ந்தாள். ஜமுனாமரத்தூருக்கு அப்பாலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். சத்தமாகச் சிரிப்பாள் என்பது அவள்மேல் வீட்டில் இருந்த முதல் புகார். பிள்ளை இல்லை என்பது இரண்டாவது. மூன்று வருஷமும் அவள் முந்தானையில் பழம் விழுந்தது. முதல் இரண்டு பழங்களை முகம் சுளித்துத் தின்றாள். மூன்றாவது என்னாயிற்று என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தத் திருவிழா முடிந்து சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, என் களித் தட்டின் ஓரத்தில் கறுத்துச் சுருங்கிய ஒரு துண்டை வைத்தாள். சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த சின்னச் சாடியிலிருந்து எடுத்தது அது.

"தபசு மரத்துப் பழம்டா," என்றாள். "ரெண்டு வருசம் புளிச்சதுதான் மிச்சம். இந்த வருசம் காரமாவது இருக்கட்டும்னு ஊறுகா போட்டுட்டேன். இன்னா, நல்லா கீதா?"

"உப்பு பத்தல சித்தி," என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். ஏறக்குறைய ஒரு வருஷம் நான் அதைக் காப்பாற்றினேன்.

அடுத்த திருவிழாவில் தபசுக் கூத்து அன்று காலை புளிக் கொட்டகைக்குள் நுழைந்தேன். தபசு வேஷத்துக்குக் கிரீடம் கிடையாது, சடைமுடிதான். ஆகவே ராஜகுமாரனின் கிரீடம், கண்ணாடித் துண்டுகள் பதித்த அந்த மரக் கிரீடம், ஒரு மூட்டைமேல் சும்மா கிடந்தது. கூத்துப் பார்த்த ஒவ்வொரு வருஷமும் அதைத் தலையில் வைத்துப் பார்க்க ஏங்கியிருக்கிறேன். பிள்ளைகள் தொட்டால் ஜமா வாத்தியார் காதைத் திருகுவார். அன்று அவர் மரத்தடியில் இருந்தார். கொட்டகையில் சின்னப்பையன் மட்டும் உட்கார்ந்து முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என் கண் போன இடத்தை அவர் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டார்.

"கிரீடம் வேணுமா ராசா? சேதி ஒண்ணு குடு, வச்சிக்க. பழைய சேதி வாணாம். கோழித் திருட்டு மூணு பேரு சொல்லிட்டானுங்க."

சொன்னேன்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இதைப் படிக்கிறவர்கள் என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டாம். ரகசியம் என்று தெரியும். வெளியே வந்தால் அவளுக்கு ஆகாது என்றும் தெரியும். கிரீடம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். சின்னப்பையன் அதைத் தூக்கி என் தலையில் வைத்தார். கழுத்து உள்ளே இறங்கியது போன்ற கனம். எத்தனையோ பேருடைய வேர்வை வாடை. கண்ணாடியில் பார்த்தேன். ராஜகுமாரனைப் போலவே இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. தபசுக்காரர் பாடிக்கொண்டே மரத்தில் பாதி ஏறிவிட்டார். கீழே பெண்கள் முந்தானை விரித்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, நாலாவது வருஷமாக, சித்தி. கூட்டம் சலிக்காமல் இருக்கக் கட்டியங்காரன் மரத்தைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மேலேர்ந்து பாத்துப் போடு. போன வருசம் நீ போட்ட பழம் ஒரு வூட்ல உப்பு மொளகாத்தூள் பூசிக்கினு களிக்குத் தொட்டுக்கயா கீது."

கூட்டம் ஆர்ப்பரித்தது. "யாரு வூடு?" என்று யாரோ கத்தினார்கள்.

"பேரு சொன்னா எனக்கு ராத்திரி சோறு கெடைக்காது. மூணு வருசமா பழம் வுழுந்த வூடுன்னு மட்டும் வச்சிக்கங்க."

மூன்று வருஷமும் பழம் விழுந்தவள் ஒருத்திதான். சிரிப்பு, முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டதும், அதே வரிசையில் அடங்கியது. தாம் செய்தது சின்னப்பையனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். காலில் கட்டிய சலங்கை சட்டென்று நின்றுபோயிற்று.

சித்தி எழுந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஈர முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என் வூடுதான்," என்றாள். "ரெண்டு பழத்த வெறும் வயித்துல தோலோட தின்னேன். பல்லு கூசினதுதான் கண்டது. மூணாவத ஊறுகா போட்டேன். நல்லாதான் இருந்துச்சு. நானேதான் வருசா வருசம் விரிக்கணுமா? இந்த வருசம் என் வூட்டுக்காரர வந்து துண்ட விரிச்சி ஒக்காரச் சொல்லுங்க. ஆம்பள மடியில வுழ மாட்டேன்னு பழம் சொல்லிச்சா இன்னா?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்து, உடனே புடவைத் தலைப்புக்குள் அமுங்கியது. சித்தப்பா கூட்டத்தை விட்டு வெளியே நடந்தார். பெரியப்பா மரத்தடிக்கு வந்து கட்டியங்காரனின் தோளைப் பிடித்தார்.

"எங்க வூட்டு சேதிய ஒனக்கு எவன்டா சொன்னது?"

"கூத்துல வந்த பேச்சுங்க. கூத்தோட போவட்டும்ங்க."

"பேரச் சொல்லு. இல்லன்னா மூட்டையக் கட்டு. ஒரு படி சாமை கெடையாது ஒங்களுக்கு."

சின்னப்பையன் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சேதி கொடுத்தவனைக் காட்டிக்கொடுக்கும் வழக்கம் அவர்கள் தொழிலில் இல்லை. அந்த நேரத்தில் மேலேயிருந்து, மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்த தபசுக்காரர், "ஏறட்டுமா எறங்கட்டுமா, யாராச்சும் ஒண்ணு சொல்லுங்கப்பா, கை வழுக்குது," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சித்தி என்னைத்தான் பார்த்தாள். ஊறுகாய் தின்றவன் நான் ஒருவன்தானே. அதுமட்டுமல்ல, கிரீடத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த செந்தூரம் என் நெற்றியில் ஒரு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. அவள் நேராக என்னிடம் வந்து குனிந்து, அந்த ஈர முந்தானையை இடுப்பிலிருந்து உருவி, என் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அவர வுடுங்க மாமா. நான்தான் சொன்னேன். சபையில வரட்டும்னுதான் சொன்னேன்."

நான் வாய் திறக்கவில்லை.

அவள் அப்படிச் சொன்னதால்தான் அது தீராத குற்றமாயிற்று. ஊறுகாய் போட்டதற்கு அபராதம் வைத்து மறந்திருப்பார்கள். குடும்ப விஷயத்தைத் தானே கூத்தாடியிடம் சொல்லிச் சபையில் ஏற்றினாள் என்பதைப் பொறுக்க முடியவில்லை. தபசுக்காரர் உச்சிக்கு ஏறினார், பழங்கள் விழுந்தன. சித்தி உட்கார்ந்திருந்த இடத்திலும் ஒன்று விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். மூட்டையைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, துணைக்கு வந்த ஆளை முந்திக்கொண்டு நடந்தாள். சித்தப்பா மறுமணம் செய்துகொண்டார். புதிதாக வந்தவளும் வருஷக்கணக்கில் முந்தானை விரித்தாள். அந்த வீட்டில் தொட்டில் கட்டவே இல்லை. இதை வெற்றியாக எழுதவில்லை. அவளும் தோலோடுதான் தின்றாள்.

பச்சையம்மா சித்தி ஓய்ந்துவிடவில்லை. அண்ணன் தம்பிகளிடம் சண்டை பிடித்து ஒரு துண்டு நிலம் வாங்கிச் சாமை போட்டாள். சந்தையில் புளி விற்றாள். எங்கள் ஊர்த் தபசுக் கூத்துக்கு, யாரும் அழைக்காமலே, ஒவ்வொரு வருஷமும் வந்து முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வரக் கூடாது என்று சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை. சின்னப்பையன் இருந்தவரை, சபைக்கு வணக்கம் சொல்லும்போது முதல் கும்பிடு அவள் பக்கம் திரும்பித்தான் விழும்.

நான் மலையிறங்கி, விடுதியில் தங்கிப் படித்து, வாணியம்பாடியில் கணக்கு ஆசிரியராகி ஓய்வும் பெற்றேன். ஒருமுறை ஜமுனாமரத்தூர்ச் சந்தையில், புளிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னா வாத்தியாரே, இப்ப உப்பு பத்துதா?" என்று கேட்டது. அதே சிரிப்பு. சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். நேரம் ஆகவில்லை.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். என் குடும்பத்தில் இன்றும், அந்தச் சேதியைக் கூத்தாடியிடம் சொன்னவள் அவள்தான் என்றே பேசுகிறார்கள்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு மகளோடு போனேன். வேஷம் கட்டுவது இப்போது பள்ளிக்கூடத்து வராந்தாவில். அரிதாரத்துக்குப் பதில் கடையில் வாங்கிய டப்பாக்கள். கட்டியங்காரன் வேஷத்தில் ஓர் இளைஞர் சட்டையில் மைக் குத்திக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நானே போய் நடந்ததைச் சொல்லி, இதைச் சபையில் சொல்லுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"மன்னிச்சிக்கங்க ஐயா. எல்லாத்தையும் போன்ல புடிச்சி போட்டுட்றாங்க. யார் வூட்டு சேதியும் பேசக் கூடாதுன்னு ஜமாவுல பேசி வச்சிட்டோம்ங்க. வேணும்னா சினிமா காமெடி ஒண்ணு பண்றேன்."

அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் சேதி கேட்டு வரும் ஆள் மறைந்தபோது, எழுந்து நின்று சபைக்குப் பதில் சொல்லும் வழியும் மறைந்துவிட்டது என்பதை அங்கேதான் உணர்ந்தேன். வெளியே வந்தேன். மரத்தடியில் பெண்கள் முந்தானை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, அவர்கள் நடுவே உட்கார்ந்தேன்.

கூட்டம் சிரித்தது. பத்துப் பதினைந்து போன்கள் என் பக்கம் திரும்பின. மகள் ஓடி வந்து, "எழுந்திருப்பா, ஊரே பாக்குது," என்றாள். பார்க்கட்டும் என்றேன். பக்கத்தில் இருந்த பெண் சற்று நகர்ந்து இடம் விட்டு, "இன்னா தாத்தா, ஒங்களுக்கு ஆம்பளப் புள்ளயா பொம்பளப் புள்ளயா?" என்று கேட்டாள்.

"ஊறுகா போடணும்மா," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பை வீட்டில் யாரும் புகாராக்காமல் இருக்க வேண்டும். பழம் என் துண்டிலும் விழுந்தது. நறுக்கி, உப்பைத் தாராளமாக அள்ளிப் போட்டு, வெயிலில் வைத்திருக்கிறேன்.

ஊர்ல இன்னா சேதி என்று கேட்க இப்போது யாரும் வருவதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பச்சையம்மா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.