தவிட்டம்மாள் என்ற பெயரும் இரண்டு கோடிகளும்

அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

போன வருடம் ஈஜோக்கில் அக்கா வீட்டு வாசலில் நடந்ததைப் பாதிப் பேர் பார்த்தீர்கள். மீதிப் பேர் கேள்விப்பட்டீர்கள். "பொறந்த வீட்டுக் கோடிச் சேலை ரெண்டு வந்துச்சாமே, தட்டைப் புடுங்கினாங்களாமே, சொத்துத் தகராறாமே" என்று கலும்பாங்கில் ஒரு கல்யாண வீட்டில் என்னிடமே ஒருவர் கேட்டார், நான் யாரென்று தெரியாமல். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மூடவும் வேண்டாம், வாய்க்கு நல்ல சோறாகப் போட்டால் அதுவே மென்றுகொண்டிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். சொத்தும் இல்லை, சுகமும் இல்லை. அன்றைய சண்டை முழுவதும் அக்காவின் பெயரிலிருந்து வந்தது.

அக்காவின் பெயர் தவிட்டம்மாள்.

ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் அக்கா பிறந்தார். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தவழும் முன்பே போய்விட்டன. அக்கா பிறந்ததும் அம்மா அழவில்லையாம், சிரிக்கவும் இல்லையாம். "இதையும் பாத்துட்டு அனுப்பவா பெத்தேன்?" என்று மட்டும் கேட்டாராம்.

பிள்ளை தங்காத வீட்டுக்கு நம் ஆட்கள் தோட்ட வேலைக்காக இந்த நாட்டுக்குக் கப்பலில் வரும்போதே ஒரு வழி கொண்டுவந்திருந்தார்கள். பிறந்த பிள்ளையை, பிள்ளைகள் நன்றாகத் தங்கியிருக்கும் வேறொரு வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது. அவர்கள் முறத்தில் தவிட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். பிறகு பெற்றவளிடமே, "எங்க புள்ளைய வளத்துக் குடு" என்று ஒப்படைப்பார்கள். எமன் வந்து கேட்டால், "இது எங்க புள்ள இல்ல சாமி, அடுத்த வீட்டுப் புள்ள, அதுவும் தவிட்டு விலைக்குப் போனது" என்று சொல்லிவிடலாம். தவிட்டு விலைப் பண்டத்தை எமன் சீந்த மாட்டான் என்று நம்பிக்கை. பிள்ளை தப்பி வளர்ந்ததும், வாங்கிய தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். இப்படி விற்ற பிள்ளை ஆணென்றால் தவிடன், பெண்ணென்றால் தவிட்டம்மாள்.

அக்காவை வாங்கியவர் அடுத்த வீட்டுப் பொன்னம்மா பெரியம்மா. மாடு வைத்திருந்தவர், தவிட்டுக்குப் பஞ்சமில்லை. மூன்று மகன்கள், மூவரும் கல்லுப்போல் இருந்தார்கள். பெண் பிள்ளைதான் இல்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவருடைய மூத்த மகன் முனியாண்டி அண்ணன். அப்போது அவர் சின்னப் பையன். எமன் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக, அக்காவுக்குப் பேச்சு வந்ததும் பெரியம்மாவை "அம்மா" என்றும் எங்கள் அம்மாவை "அத்தை" என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். அக்கா கடைசிவரை எங்கள் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிட்டார். பிறகு பிறந்த நான் அம்மா என்பேன், அவர் அத்தை என்பார்; இரண்டு பேருக்கும் ஒரே தாய்தான் சோறு போட்டார். எங்கள் வீட்டுக்கு இது வினோதமாகவே தெரியவில்லை.

இந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று நானும் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் குப்பம்மாள் உண்டு, பிச்சையம்மாள் உண்டு. எல்லாம் ஒரே பயத்துக்குப் பிறந்த பெயர்கள்தான். தவிட்டம்மாள் என்று அக்காவைத் தவிர இன்னொருவரைத்தான் கேள்விப்பட்டேன். கலும்பாங் பக்கத்தில் இருந்தவர், கல்யாணத்துக்கு முன்பே பெயரை மாற்றிக்கொண்டாராம். இப்போது ஒரு வீட்டிலும் வைப்பதில்லை. அக்கா மகள் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, அக்கா பெயரை வைக்கலாமே என்று நான்தான் பேச்செடுத்தேன். அக்காவே தடுத்துவிட்டார். "ஆஸ்பத்திரில பொறந்து ஜம்முனு கத்துது. அதுக்கு எதுக்குடா இந்தப் பேரு? இது பயந்தவங்க வைக்கிற பேரு" என்றார். யோசித்தால், இந்தப் பெயர் அரிதாகிப்போனது நல்ல செய்தி. பிள்ளைகள் பிழைக்கின்றன என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் அக்காவைச் சும்மா விடவில்லை. "ஏ தவிடு, உமி எங்க?" என்பார்கள். "தவிடு தின்கிற ராசாவுக்கு முறம் புடிக்கிற மந்திரிடா நீ. முறத்த ஒழுங்காப் புடி" என்று அக்கா திருப்பிக் கொடுப்பார். ஆசிரியர் ஒருவர் நல்ல பெயராக மாற்றித் தருவதாகச் சொல்லியும் அம்மா அசையவில்லை. "அழகான பேரு மூணு வச்சேன் சார். மூணும் மண்ணுக்குள்ள இருக்கு."

அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது, இனியாவது தவிட்டைக் கொடுத்து மீட்டுவிடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா அதற்கும் ஒப்பவில்லை. "யாரு வீட்டுப் புள்ளையா இருந்தா என்ன, உசுரோட இருக்கட்டும். மீட்ட மறுநாளே அவன் வந்து நின்னா நீங்களா பதில் சொல்வீங்க?" என்றார். ஆக அக்கா மீட்கப்படாமலே மாமாவின் கையைப் பிடித்தார்.

மாமா லோரி ஓட்டியவர். கவிதா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். அதன்பின் அக்கா ரவாங் தொழிற்சாலைக் கேன்டீனில் சமையலுக்குப் போனார். பசியோடு வந்தவனைக் காசு கேட்டு நிறுத்தியதில்லை. "தட்டைக் காலி பண்ணு, அப்புறம் கதை பேசு" என்பார். அந்தக் கை கவிதாவைக் கல்லூரிவரை படிக்க வைத்தது. தோட்டத்தை விற்ற காலத்தில் பொன்னம்மா பெரியம்மா குடும்பம் சுங்கை ஆயர் தாவாருக்குப் போய்விட்டது. ஆனாலும் வருடம் தவறாமல் தீபாவளிக்கு முன்னால் அங்கிருந்து ஒரு சேலையும் தேங்காயும் வரும். பெரியம்மா இறந்த பிறகும் முனியாண்டி அண்ணன் கொண்டுவந்தார். நாங்கள் அதைப் பழகிய பாசம் என்று நினைத்தோம். அவர்கள் தாய்வீட்டுச் சீர் என்று செய்தார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் எங்களுக்கு அக்கா போன அன்றுதான் தெரிந்தது.

சிறுநீரகம் பழுதாகி, கோலசிலாங்கூரில் இரத்தம் சுத்தம் செய்யப் போய்வந்துகொண்டிருந்த அக்கா, போன வருடம் ஒரு காலையில் தூக்கத்திலேயே பிரிந்தார்.

அக்காவைக் குளிப்பாட்டிக் கூடாரத்தின் கீழ் கிடத்தியாயிற்று. உறுமி மேளம் அடங்கியது. தகனத்துக்குக் கொடுத்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "பொறந்த வீட்டுக் கோடி எங்க? எடுத்துட்டு வாங்கய்யா" என்று சடங்கு செய்யும் பண்டாரம் குரல் கொடுத்தார். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணமான பெண் இறந்தால், அவள்மேல் முதலில் விழ வேண்டிய புதுச்சேலை பிறந்த வீட்டுடையது. உடன்பிறந்தவனுக்கு அதுதான் கடைசி உரிமை. அதை விட்டுக்கொடுத்தவன் ஊருக்கு முன்னால் உடன்பிறந்தவன் இல்லை. அக்காவுக்கு மிஞ்சிய உடன்பிறப்பு நான் ஒருவன். சேலை வைத்த தட்டோடு எழுந்தேன்.

வாசலிலிருந்து இன்னொரு தட்டு வந்தது. முனியாண்டி அண்ணனும் அவர் மனைவியும்.

"தம்பி, கொஞ்சம் நில்லு. மொதக் கோடி எங்களது."

என் சித்தப்பா மகன் சேகர் முந்திக்கொண்டான். "அண்ணே, வந்தமா மாலையைப் போட்டமான்னு இருங்க லா. பொறந்த வீடுன்னு நாங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறோம்ல?"

"நீங்க பெத்த வீடுப்பா. வித்த வீடும் நீங்கதான். எங்கம்மா தவிடு குடுத்து வாங்கின புள்ள இது. முறத்தத் தூக்கிட்டு வந்தவன் நான். ஒரு நாளாவது திருப்பிக் கேட்டீங்களா?"

"அது சும்மா ஒரு சாஸ்திரம்ணே!"

"அப்போ இந்தக் கோடி மட்டும் என்ன? இதுவும் சாஸ்திரம்தானே? இதை மட்டும் ஏன் இந்தப் புடி புடிக்கிறீங்க?"

சேகர் அவர் தட்டைப் பிடித்து இழுத்தான். அவரும் விடவில்லை. குங்குமம் கொட்டிச் சேலைமேலும் தரைமேலும் சிதறியது. இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் நாலு பேர் எழுந்தார்கள். அந்தப் பக்கம் சுங்கை ஆயர் தாவார் வேனிலிருந்து அவர் தம்பிகள் இறங்கினார்கள். "பொணத்த வச்சிக்கிட்டா பஞ்சாயத்து?" என்று பண்டாரம் கத்தினார். அக்காவின் தலைமாட்டில் கவிதா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மாவ இப்படியே போட்டுட்டு அடிச்சிக்கப் போறீங்களா மாமா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

அப்போது கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "இப்பவே தவிட்டக் குடுத்து மீட்டுருங்களேன். தீர்ந்துச்சு." சேகர் ஓடினான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், கோழி வளர்ப்பவர். "மாக்சிக், டெடாக் அடா?" என்று தவிடு கேட்டது தெருவுக்கே கேட்டது. அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் ஒரு கிண்ணம் நிறையத் தவிட்டைக் கொடுத்தனுப்பினார். சேகர் அதை என் கையில் திணித்தான். "குடுண்ணே. குடுத்துட்டு நீ போடு."

கிண்ணத்தோடு முனியாண்டி அண்ணன் முன்னால் போய் நின்றேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாந் தம்பி. சாகும்போது எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. 'எம் பொண்ணுக்குக் கோடி விட்டுறாத'ன்னுச்சு. இத நான் வாங்கிட்டா அதுக்குப் பொண்ணே இல்லன்னு ஆயிரும்."

கையில் தவிடு. முன்னால் அவர். பின்னால் என் ஆட்கள் மொத்தமும். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. உயிரைக் காப்பாற்ற, இது எங்க புள்ள இல்லை என்று எமனிடம் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வீடு எங்களுடையது. அந்தச் சொல்லின் நிழலில்தான் அக்கா வளர்ந்தார், வாழ்க்கைப்பட்டார், பேத்தியைக் கொஞ்சினார். பலனையெல்லாம் அனுபவித்துவிட்டு, கோடி போடும் நேரத்தில் மட்டும் எங்க புள்ள என்றால், என் தாயைப் பொய்க்காரி ஆக்குகிறேன் என்று அர்த்தம்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"நீங்க மொதல்ல போடுங்கண்ணே."

"ஏய், என்னண்ணே பண்ற நீ!" என்று சேகர் அலறினான். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள். முனியாண்டி அண்ணன் குங்குமக் கறையோடு அந்தச் சேலையை விரித்து அக்காவின்மேல் போர்த்தினார். "போய்ட்டு வா தங்கச்சி. அம்மா அங்கதான் இருக்கு" என்றார். அதற்கு மேல் என் சேலையைப் போர்த்தினேன். அக்கா இரண்டையும் போர்த்திக்கொண்டுதான் போனார்.

தவிட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன சேகரிடம், ஏன் கொண்டுவந்துவிட்டாய் என்று மாக்சிக் கேட்டாராம். "தா ஜாடி பெலி," வாங்கவில்லை என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதானாம். போன தைப் பொங்கலுக்கு அவனே சுங்கை ஆயர் தாவாருக்குப் போய் முனியாண்டி அண்ணன் காலில் விழுந்துவிட்டு வந்தான். கோபித்துப் போன இருவரும் இன்று வந்திருக்கிறார்கள், வந்ததே போதும்.

நோய்க்காலத்தில் அக்காவைத் தங்கள் தாயைப்போல் கவனித்த தாதியர்களுக்கும், கேட்டதும் காரணம் கேட்காமல் கொடுத்த மாக்சிக்குக்கும், அன்று நேரம் தவறியும் பொறுமையாக இருந்த பண்டாரத்துக்கும் பிண வண்டிக்காரருக்கும், ரவாங் கேன்டீனில் அக்காவோடு உழைத்த தோழியருக்கும், இரவு பகல் பார்க்காமல் தாயைத் தாங்கிய கவிதாவுக்கும் அவள் கணவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. யார் பெயரையாவது விட்டிருந்தால் அது என் மறதி. அக்கா மறந்திருக்க மாட்டார்.

இன்று படையலில் அக்கா படத்தின் முன் இரண்டு சேலைகள் இருக்கும். முதலில் இருப்பது முனியாண்டி அண்ணன் கொண்டுவந்தது. இவர் எந்த வகையில் உறவு என்று உங்களில் யாருக்காவது கேட்கத் தோன்றினால், கூச்சப்படாமல் அவரிடமே கேளுங்கள். "பொறந்த வீடு" என்பார். பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருப்பேன். மறுக்க மாட்டேன்.