அறுபத்தைந்து வாட்

மாலை 4.52. மேசைக்கடியில் முழங்காலில் இருந்தபடி கம்ப்யூட்டரின் மூடியை அவசரமாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ ட்ரைவர் வழுக்கி விரலைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கதை கட்டுகிறேன் என்பவர்கள் வந்து பார்க்கலாம்.

1991 நவம்பர், ஒரு சனிக்கிழமை. லண்டனில், வால்தம்ஸ்டோவில் பலசரக்குக் கடைக்கு மேலே என் அறை. அங்கிருந்துதான் எங்கள் வாரப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல்கள் அடித்துக் கொடுப்பேன். ஆறு மணிக்கு அச்சகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஆள் வருவான். ஃப்ளொப்பியைக் கொடுக்காவிட்டால் அந்த வாரம் அறிவித்தல் வராது.

பின்னால், கோட்டைக் கழற்றாமலே எமில்டா அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் யேசுரட்ணம் இறந்து இரண்டு நாள். வருகிற வெள்ளிக்கிழமை நல்லடக்கம். லண்டன் முழுக்கச் சிதறிக் கிடந்த சொந்தக்காரர்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் வருவார்கள்.

சிக்கல் இதுதான். ஃப்ளொப்பியில் பதியச் சொன்னால் ஹார்ட் டிஸ்க்கும் அதோடு சேர்ந்து சுற்றும். உடனே விசிறியின் சத்தம் இறங்கும். ம்ம்ம்... டக். திரை கறுத்து, கம்ப்யூட்டர் முதலிலிருந்து தொடங்கும். 4.31க்கு ஒரு தடவை. 4.44க்கு மறுபடி.

இரண்டு தடவையும் அறிவித்தலைத் திரும்பத் திறந்தபோது, நான் அடிக்காத ஒரு சொல் அதில் இருந்தது. மைத்துனர்கள் வரிசையில்... ‘காலஞ்சென்ற பீற்றர்’.

பீற்றர் எமில்டா அக்காவின் தமையன். என் கூட்டாளி. இந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டித் தந்தவனும் அவன்தான்.

“அண்ணைக்கு முன்னால என்ன போட்டிருக்கிறீர் தம்பி?” என்றார் அக்கா. “எனக்கு ஒரு செத்தவீடு காணும். எடும் அதை.”

இரண்டு தடவையும் அழித்தேன்.

மூடி கழன்றது. பவர் சப்ளைப் பெட்டியில் ‘200 வாட்’ என்று ஒரு ஸ்டிக்கர். ஓரம் கிளம்பியிருந்தது. உரித்தேன்.

அடியில் 65. இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து சுற்ற அது போதாது.

5.03க்கு ஈஸ்ட் ஹாமில் இருந்த பீற்றருக்குப் போன் எடுத்தேன்.

“பழைய பவர் சப்ளையையோ போட்டனி?”

“உனக்கு அது காணும் எண்டு நினைச்சன் மச்சான். எழுத்துத்தானே அடிக்கிறாய்.”

“மடுமாதா ஆணை, புதுசு எண்டு சொன்னாய்.”

உரித்த ஸ்டிக்கரைக் கசக்கி எறிந்தேன்.

“புதுசு எங்க?”

“...என்ர மெஷினுக்குள்ள.”

வைத்துவிட்டேன். ஏழு வருஷம் ஒரே அறையில் என்னோடு தங்கியவன். என் தாய் இறந்த செய்தி வந்த அன்று என்னைத் தாங்கிப் பிடித்தவன். மாதாவை இழுத்து என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

5.20. மூன்றாம் தடவை.

ம்ம்ம்... டக்.

அதே சொல்.

“மோட்டார் சைக்கிள்காரன் முந்தி வந்தா மறிச்சு வைக்கிறன்” என்று அக்கா கீழே இறங்கினார். நான் தனியே.

5.38. நான்காம் தடவை.

விசிறி இறங்கியது...

இறங்கி...

முழுதாக நின்றது.

ஆனால் திரை கறுக்கவில்லை. ஃப்ளொப்பி எழுதத் தொடங்கியது. கிர்ர்... கிர்ர்...

5.41. பதிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பத்திரிகை வந்தது. ‘காலஞ்சென்ற பீற்றர்’ என்றே இருந்தது. திருத்தம் கேட்டு ஒருவரும் வரவில்லை.

சனிக்கிழமை இரவே பீற்றரைக் கண்டுபிடித்திருந்தார்கள், அவனுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால். மாரடைப்பு என்றார் டொக்டர். கீழ்வீட்டுக்காரிக்குக் கதிரையோடு அவன் விழுந்த சத்தம் கேட்டதாம். நேரம் 5.41. அவனுடைய கம்ப்யூட்டர் ஒருதரமும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்ததாம்.

“உமக்கு எப்பிடி முந்தியே தெரியும்?” என்று அக்கா கேட்டார்.

மெஷின் கோளாறு, அவசரத்தில் கவனிக்கவில்லை என்றேன். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் அதையே சொல்லி வருகிறேன்.

கவனித்தேன்.

மூன்றாம் தடவைக்குப் பிறகு அந்தச் சொல்லை அழிக்கப் பதினெட்டு நிமிடம் இருந்தது. விசையின் மேல் விரலை வைத்தேன். வைத்தபடியே அவனை நினைத்தேன்...

பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.