திரையைத் தாண்டிப் போன படகு

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம் என்று இன்று நானும் என் ஓரகத்தி செல்வியும் போனில் கோடிங் பழக ஆரம்பித்தோம். கலர் கலரான பிளாக்குகளை அடுக்கினால் படம் நகரும். இருவருமே படகு செய்தோம்.

அவள் படகு போய்விட்டு அழகாகத் திரும்பி வந்தது.

என் படகு திரை ஓரத்தில் மறைந்தது. மறைந்ததுதான்.

மாமியார் பதறிவிட்டார். "ஆம்பளைங்க கடல்ல இருக்கற நேரத்துல என்னம்மா இது? முதல்ல அதக் கரைக்குக் கொண்டா! செல்வியோட படகப் பாரு, எப்படி வருது!"

எனக்கு வயிறு எரிந்தது.

"நான் சொல்லித்தரட்டாக்கா?" என்றாள் செல்வி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"வேணாம், எனக்கே தெரியும்."

தெரியாது. எந்த பிளாக்கைச் சேர்த்தால் படகு திரும்பும்? கமெண்டில் சொல்லுங்கள், மாமியார் இன்னும் என் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செல்வி, நீ லைக் மட்டும் போடு.