பரசுராமன் குடிக்காத கூழ்

வியாசர்பாடியில் சோத்துக்கூடைத் தாயம்மா என்று கேட்டால் சின்னக் குழந்தையும் வீட்டைக் காட்டும். வெறும் தாயம்மா என்று கேட்டால் எந்தத் தாயம்மா என்பார்கள். புருஷன் விஷஜுரத்தில் போனதிலிருந்து எட்டு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. இருபத்துமூன்று வீட்டுப் பகல் சாப்பாட்டைக் காலை பத்து மணிக்குள் சேர்த்துக்கொண்டு, பேசின் பிரிட்ஜ் ஏறி இறங்கி, வண்ணாரப்பேட்டை வழியாக பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டும் ராயபுரத்துப் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு மணிச் சங்கு அவளை முந்திக்கொண்டால் இருபத்துமூன்று வாயும் ஒரே சமயத்தில் திறக்கும். சோற்றுக்காகத் திறக்காது, அவளைத் திட்டத் திறக்கும்.

அவளுக்கு மூக்குதான் கணக்கப்பிள்ளை. மூடியைத் திறக்காமலே எந்தத் தூக்கில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு, எதில் வெறும் ரசம், எந்த வீட்டில் நேற்றைய குழம்பைச் சுண்டவைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். மாதம் பிறந்து நாலு நாளைக்குக் கூடை முழுக்க மீன் வாசனை. பத்துத் தேதிக்கு மேல் கீரை. இருபதுக்கு மேல் ரங்கூன் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும். எந்த வீட்டுப் பெண்டாட்டி புருஷனோடு சண்டை போட்டிருக்கிறாள் என்பதுகூடத் தெரியும். அன்றைக்குச் சோற்றில் உப்பு இருக்காது, அல்லது உப்பு மட்டும்தான் இருக்கும்.

கூடை இரண்டு. தலையில் பெரிய கூடை. அதில் ஊர்த்தெரு வீடுகளின் பித்தளைத் தூக்குகள் பதினெட்டு. இடுப்பில் சின்னக் கூடை. அதில் சேரியிலிருந்து வரும் மண்கலயங்கள் ஐந்து. தாயம்மா ஊர்த்தெருக்காரி. சேரி வாயிலில் கல்மேல் கலயங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். வாயில் கட்டிய துணி முடிச்சைப் பிடித்துத் தூக்கிக் கூடையில் வைத்துக்கொள்வாள். கலயத்தில் விரல் படாது. துணிக்குத் தீட்டு கிடையாது என்று அவளே ஒரு சாஸ்திரம் எழுதிவைத்திருந்தாள். பிழைப்பு என்று வந்துவிட்டால் சாஸ்திரத்துக்கா பஞ்சம்!

பிரஸ்ஸுக்குள் எட்டு வருஷமும் ஒரே தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் சாப்பாடு. இந்தப் பக்கம் பதினெட்டுப் பேர், நாலு முழம் தள்ளி அந்தப் பக்கம் ஐந்து பேர். நிழல் ஒன்று, காக்கை ஒன்று. இந்த வருஷம் ஆடி மாதம் கம்பெனி கருணை செய்தது. தகரக் கூரை, சிமென்ட் தரை, பைப்புத் தண்ணீரோடு ஒரு சாப்பாட்டுக் கொட்டகை கட்டிக்கொடுத்தது. கொட்டகை திறந்த அன்றே கிருஷ்ணப்ப மேஸ்திரி வாசலில் நின்று, "சின்னக் கூடைய பின்னாண்ட கொண்டுபோயி வெய்யி" என்றார். தாயம்மா கொண்டுபோய் வைத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவள் நினைத்ததே இல்லை. பெரிய கூடையோடு கொட்டகைக்குள் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு பின்னால் போய்க் காலிக் கலயங்களை எடுத்துவருவாள்.

ஆவணி பாதி கடந்த ஒரு நாள் வழியெல்லாம் தூக்குகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்துக்கொண்டே வந்தன. திரும்பும்போது இடையில் செருக ஒரு பிடி வைக்கோல் எடுக்கலாம் என்று, சாப்பாட்டு நேரத்திலேயே எழுந்து பஞ்சு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டியின் ஓரம் பரசுராமன் நின்றிருந்தான். சின்னக் கூடை ஐந்து பேரில் ஒருவன். பொதி அழுத்தும் இயந்திரத்தில் வேலை. முப்பது முப்பத்திரண்டு வயது. ஞாயிறானால் வெள்ளை உடுத்திப் பௌத்த சங்கத்துக்குப் போய் வருகிற, அதிர்ந்து பேசாத ஆள். அவன் கையில் கலயம். கலயத்திலிருந்து கேழ்வரகுக் கூழ் கொழகொழவென்று தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஒரு செவலை மாடு மூக்கை முக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

தாயம்மாவின் கையில் இருந்த வைக்கோல் கீழே விழுந்தது. எட்டு வருஷம் சோறு சுமந்தவள் அவள். ஒரு பருக்கை சிந்தினால் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். அந்தக் கலயத்தை நிரப்ப இவன் பெண்டாட்டி கன்னியம்மா படுகிற பாடு அவளுக்குத் தெரியும். காலையில் பானையைச் சுரண்டுகிற சத்தம் சேரி வாயில் வரைக்கும் கேட்கும்.

"டேய் பரசுராமா! இன்னாடா பண்ற?"

அவன் திரும்பிப் பார்த்தான். கலயத்தை மறைக்கக்கூட முயலவில்லை. "ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லியா? பொண்டாட்டி வவுத்த காயப்போட்டு குடுத்தனுப்புறா. நீ மாட்டுக்கு விருந்து வெச்சிகினு கீறியா? நீ எங்கடா துன்ற? மண்ணடில பிரியாணியா? இல்ல, காசிமேட்டுல எவளாச்சும் ஆக்கிப் போடுறாளா?"

"நான் எங்கியும் துன்லம்மா."

"எத்தினி நாளா இந்தக் கூத்து?"

"கொட்டா தெறந்த நாள்லேர்ந்து."

தாயம்மா விரல் விட்டு எண்ணினாள். நாற்பது நாள். நாற்பது நாள் இவன் பகலில் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரும்பு இயந்திரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறான். அப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தாள். கழுத்தெலும்பு குழி விழுந்து கிடந்தது. எப்படி இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிற்று? தூக்கைப் பார்த்தவள் ஆளைப் பார்க்கவில்லை, அதுதான் விஷயம்.

"ஏண்டா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"கொட்டாவுக்குப் பின்னாடி கக்கூஸ் தண்ணி ஓடுதும்மா. காவா ஓரம் குந்திகினு கூழ வாயில வெக்க முடில. மத்த நாலு பேரு கண்ண மூடிகினு குடிச்சிடுறாங்க. எனக்கு எறங்கல."

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்தப் பத்தில் முதலாவது மானம். இவனுக்கு அந்த ஒன்று மட்டும் பறக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

"அப்பிடியே திருப்பி அனுப்புறதுதானே? மாட்டுக்கு ஏன் ஊத்துற?"

"திருப்பி அனுப்சா வூட்ல கேப்பா. சொன்னா அழுவா. அதான்."

"அந்த கிஷ்டப்ப மேஸ்திரி நாசமாப் போவ! சோறு துன்ற எடமாடா அது? அங்க கொண்டுபோயி வெக்க அவனுக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

பரசுராமன் கலயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான். "மேஸ்திரி எங்கம்மா வெச்சாரு? அவரு வாயால சொன்னதோட சரி. கூடைய தூக்கினு போயி அங்க வெச்சது நீதானே."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னான். தாயம்மாவுக்குக் கொட்டகை திறந்த நாள் கண்முன் வந்தது. பின்னால் போனது, கால்வாய் ஓரம் குனிந்தது, கூடையை இறக்கியது. இறக்கும்போது நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாளே, அதுவும் ஞாபகம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து பேருக்குச் சோறு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நாற்பது நாளும் பொத்தியிருக்கிறாள். ஒரு நாளாவது, ஏன் பொத்துகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சீ என்று வந்தது. மேஸ்திரிமேல் வந்த சீ இல்லை அது.

சாயங்காலம் கலயம் திருப்பிக் கொடுக்கப் போனபோது கன்னியம்மா வழக்கம்போலக் கேட்டாள். "பூரா குடிச்சாராம்மா?"

"குடிச்சான்" என்றாள் தாயம்மா. மாடு குடித்ததைத்தான் நினைத்துச் சொன்னாள். சொன்ன நாக்கு கசந்தது.

"அப்புறம் ஏம்மா இப்பிடி எலும்பா உருகிகினு போறாரு? எவனோ செய்வின வெச்சிட்டான்னு நெனைக்கிறேன். வெள்ளிக்கெழம தர்காவுல மந்திரிச்சி தாயத்து கட்டலாம்னு கீறேன். நானும் பானை கழுவின தண்ணிய குடிச்சிட்டு, அவருக்குன்னு கெட்டியா ஊத்தித்தான் அனுப்புறேன். ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதே."

தாயம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு குடும்பத்தில் இரண்டு பேரும் பட்டினி. ஒருவருக்கொருவர் தெரியாமல் பட்டினி. நடுவில் அந்தக் கூழை நாள் தவறாமல் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்குச் சேர்த்தவள் இவள்.

மறுநாள் சங்கு ஊதியபோது இரண்டு கூடையும் கொட்டகைக்குள் இருந்தன. பைப்புக்குப் பக்கத்தில், அருகருகே. முதலில் யாரும் கவனிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்த கிருஷ்ணப்ப மேஸ்திரிதான் பார்த்தார்.

"இன்னாம்மா இது? அந்தக் கூடை இங்க ஏன் கீது?"

"துன்றதுக்குத்தான் கீது."

"பின்னாண்ட வெய்யின்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. நானும் வெச்சேன். இனிமே வெக்க மாட்டேன். அந்த காவா ஓரம் நீங்க ஒரு நாளு குந்திகினு ஒரு உருண்ட முழுங்கிக் காட்டுங்க மேஸ்திரி, அப்புறம் நானே கொண்டுபோயி வெக்கிறேன். எட்டு வருசம் ஒரே மரத்தாண்ட துன்னீங்களே, அப்ப ஒட்டாத தீட்டு தகரம் போட்டதும் ஒட்டிக்குமா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே இருமினான். மேஸ்திரியின் முகம் கறுத்துவிட்டது. தன் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் ஒருவர், இருவர், பிறகு மொத்தப் பேரும். பதினெட்டுத் தூக்கும் பழைய மரத்தடிக்கே போய்விட்டன. அங்கிருந்து பதினெட்டு ஜோடிக் கண்களும் கொட்டகையைப் பார்த்தன. மறுநாள் காலை ஊர்த்தெருவில் பதினைந்து வீடு அவளுக்குக் கதவைச் சாத்தியது. சாத்துவார்கள் என்று தூக்குகள் வெளியே போகும்போதே அவளுக்குத் தெரியும். போனால் போகட்டும் என்று நின்றாள். அதில் ஒரு திமிரும் இருந்தது. நான் கேட்டுவிட்டேன் பார் என்ற திமிர்.

பதினெட்டுப் பேரும் வெளியே போன பிறகு, சின்னக் கூடை ஐந்து பேரும் கொட்டகை வாசலில் தயங்கி நின்றார்கள். பரசுராமன் மட்டும் உள்ளே வந்தான். பைப்பில் கை கழுவினான். சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கலயத்தின் முடிச்சை அவிழ்த்து, மூடியை எடுத்தான். கூழும், மேலே ஒரு வெங்காயமும், இரண்டு நெத்திலிக் கருவாடும். தாயம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குடிக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீ துன்னியாம்மா?"

எட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "நானா? வூட்டுக்குப் போயி நாலு மணிக்கு..." என்று இழுத்தாள்.

"பத்து மணிலேர்ந்து நடக்கிறியே." கலயத்தின்மேல் கவிழ்த்திருந்த சின்ன மண்மூடியை நிமிர்த்தி, அதில் கூழை ஊற்றி, ஒரு கருவாட்டையும் ஓரத்தில் வைத்து நீட்டினான். "ஒரு வாயி குடி. நீ குடிச்சா நானும் குடிக்கிறேன்."

தாயம்மா நின்றாள். வாய் அத்தனை பேசிற்றே, கை நீளவில்லை. நீட்டு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். முந்தானைக்குள் இருந்த விரல்கள் வேறு யாருடையவையோ போலச் சுருண்டு கிடந்தன. மேஸ்திரியிடம் கத்தியதெல்லாம் இவ்வளவு சுலபமாக இருந்ததே, ஒரு வாய் கூழ் இவ்வளவு கஷ்டமா? மரத்தடியில் பேச்சு நின்றுவிட்டது.

பரசுராமன் கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்தான். பிறகு மூடியை மெல்லப் பின்னுக்கு இழுத்தான். முகத்தில் வருத்தம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தவன் முகம். அதைப் பார்த்ததும் தாயம்மாவுக்கு நெஞ்சில் யாரோ அறைந்த மாதிரி ஆயிற்று.

"குட்றா இங்க!" என்று பாய்ந்து அவன் கையிலிருந்து மூடியைப் பிடுங்கினாள். அவசரத்தில் பாதி அவள் சேலையில் சிந்தியது. மிச்சத்தை ஒரே மடக்காகக் குடித்தாள். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. புளிப்பு ஏறிய கேழ்வரகுக் கூழ். அவள் வீட்டில் காய்ச்சுகிறதுதான். கருவாட்டையும் வாயில் போட்டு மென்றாள்.

"உப்பு கம்மிடா" என்றாள்.

"அவ எப்பவும் அப்பிடித்தாம்மா" என்றான் பரசுராமன். கலயத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்தான். அவன் தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் தாயம்மா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.