மஞ்சள் காட்டுத் தீட்டு

ஆத்தாளின் பேரைச் சொல்லி ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரியும். நான் சாமி இல்லை என்கிறவள் அல்ல. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் பட விடமாட்டேன். அதனால்தான் எரிகிறது. எங்கள் மஞ்சள் அழுகியதற்கும் ஆத்தாளுக்கும் என்ன சம்பந்தம்?

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். குன்னத்தூர்ப் பக்கம் எங்கள் காடு; வயலை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். அந்த வருஷம் மஞ்சளில் கிழங்கு அழுகல் விழுந்துவிட்டது. இலை ஓரமெல்லாம் காய்ந்து வரும். தண்டைப் பிடித்தால் இழுக்கக்கூட வேண்டாம், கையோடு வந்துவிடும். அடியில் கொழகொழவென்று நாறும். கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அப்பா ஊற்றிப் பார்த்துவிட்டார். அம்மாதான் வேளாண்மை ஆபீசுக்குப் போய் சூடோமோனாஸ் பவுடர் வாங்கி வந்தாள். இது விஷமில்லை, நல்ல கிருமி, வேரைச் சுற்றிக் குடியிருந்துகொண்டு கெட்ட கிருமியை அண்டவிடாது என்று அங்கிருந்த மேடம் சொன்னதை அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தாள்.

சித்தப்பா சிரித்தார். "ஊட்டுல இருக்கற கிருமி பத்தாதுன்னு ஆபீசுக்குப் போயி வாங்கிட்டு வந்தீங்களா அண்ணி?"

"சிரிங்க தம்பி, சிரிங்க. இது கேக்கலீன்னா காட்டு விஷயத்துல நான் இனி வாயே தொறக்கறதில்லீங்க."

அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த வீட்டில் அம்மாவுக்கு நகை நட்டு மேலெல்லாம் ஆசை கிடையாது. எந்த வயலில் என்ன போடுவது என்று பேசுகிற இடத்தில் தானும் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் பணயம் வைத்தாள்.

பவுடரை வெல்லத் தண்ணீரில் கரைத்து நிழலில் வைத்துக் கலக்கிவிட்டுக்கொண்டே இருந்தால் கிருமி பெருகும். அதற்குப் பெரிய பாத்திரம் வேண்டுமே என்றபோது, திருப்பூரில் பிளீச்சிங் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா அங்கிருந்து ஒரு நீல ட்ரம்மை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் அந்த ட்ரம் இல்லாத வீடு கிடையாது. அம்மா தேய்த்துக் கழுவப் போனாள்.

"அதையேனுங்க கழுவறீங்க? துணியவே வெளுக்கற மருந்து இருந்த ட்ரம்மு. இதவிடச் சுத்தம் எங்க கெடைக்கும்?"

அம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. லேசாக அலசிவிட்டுக் கரைசலை ஊற்றினாள். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அம்மா மட்டும் வரவில்லை, ட்ரம்மைக் கலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து நான் எட்டிப் பார்த்தேன். புதுப் பனியன் வாசம் அடித்தது. எனக்கு அந்த வாசம் ரொம்பப் பிடிக்கும்.

தூர் தூராக ஊற்றினார்கள். அழுகல் நிற்கவில்லை. பக்கத்துப் பாத்திக்கும் தாவியது.

வரப்பில் நின்று, ஆள்காரர்கள் முன்னால், சித்தப்பா சொன்னார். "வெள்ளிக்கெழம அண்ணி கோயலுக்கு வல்ல. அப்பவே நெனச்சேன். தீட்டோட மஞ்சக் காட்டுல கை வெச்சா ஆத்தா சும்மா உடுவாளா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி" என்றாள் அம்மா. அத்தனை ஆண்கள் நடுவில் அதைச் சொல்ல அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! பிறகு அப்பாவைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க."

அப்பாவுக்குத் தெரியும். கட்டிய புருஷனுக்குத் தெரியாதா? காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, "எதுக்கு வம்பு, ஒரு பரிகாரம் செஞ்சுரு" என்றார். செய்யாத தப்புக்கு அம்மா தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றி வந்தாள். ஊர் பார்த்தது. நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினேன்.

அந்த வாரமே, சித்தப்பா பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில், ஆபீஸ் மேடம் காட்டைப் பார்க்க வந்தார். ட்ரம்முக்குள் தலையை விட்டு மோந்தவர், "இதுல முன்ன என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டார். அப்பாதான் சொன்னார். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, பிளீச்சிங் தண்ணி கிருமியக் கொல்றதுக்குத்தானுங்களே இருக்குது? நல்லது கெட்டதுன்னு அது பார்க்குமா? நீங்க ஊத்துனது வெறும் வெல்லத் தண்ணிங்க."

அதே பவுடரை மறுபடி கொடுத்தார். அம்மா மாட்டுத் தொட்டியைக் கழுவி அதில் கரைத்தாள். இந்தத் தடவை புளித்த வாசம் வந்தது. அழுகிய தூர்களைத் தோண்டி எறிந்துவிட்டு மற்றதற்கு ஊற்றினார்கள். போனது போனதுதான். ஆனால் மீதி நின்றது. புதுக் குருத்து விட்டது.

சித்தப்பா கோயிலில் பொங்கல் வைத்தார். "பாத்தீங்களா அண்ணி, ஆத்தா மன்னிச்சுட்டா" என்று ஊர் கேட்கச் சொன்னார். ட்ரம் விஷயம் தெரிந்த என் அப்பா, பக்கத்திலேயே உட்கார்ந்து பொங்கல் தின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவையாவது அறியாமை என்று விட்டுவிடலாம். அப்பாவை என்னவென்று விடுவது? அவர் காலமாகிவிட்டார். அவருக்குத் திதி கொடுக்கிறேன், படையல் போடுகிறேன், ஆனாலும் அந்தப் பொங்கல் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அம்மா கம்பெனி வேனில் ஏறி பனியன் செக்கிங் வேலைக்குப் போனாள். சனிக்கிழமை சம்பளத்தோடு புரோட்டா வரும் என்று எனக்குக் கொண்டாட்டம்.

மறு வருஷம் மஞ்சளில் மறுபடி இலை காய்ந்தது. அப்பா சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "அந்தப் பவுடர எப்படிக் கரைக்கறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "என்னைய ஏனுங்க கேக்கறீங்க? போன வருசம் காப்பாத்துனவ ஆத்தாதானுங்களே. அவளையே போய்க் கேளுங்க."

அம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்று நான் பூரித்துப்போனேன். ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி, உரக்கக் கேட்டேன்: "ஆத்தா, அம்மாவுக்கு மறந்துபோச்சாம். நீயாச்சும் எங்கப்பாவுக்குச் சொல்லு."